கானமயிலும் கதிரவன் மின்சாரமும்

விசைத்தறிக்கும் வயற்கிணற்றின் பம்பு செட்டுக்கும் மின்சாரம் இன்றியமையாதது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலக்கரியை எரித்துப் பெறுவதினும் கதிரவனிடமிருந்தும் காற்றிலிருந்தும் அதனைப் பெறுதல் மேல் என்பதும் யாவரும் ஒப்புக்கொண்டதே. ஆயினும் மின்நிலையத்தை எந்நிலத்தில் அமைப்பது என்னும் வினா எளிதன்று. இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்குள்ள பட்லா சூரிய மின்பூங்கா மட்டும் 2,245 மெகாவாட் திறனுடையது. அப்பாலையின் புல்வெளிகளிலேதான் கானமயிலும் வாழ்கின்றது. ஆண் பறவை 15 கிலோ எடை வரை வளரும். பெட்டை ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டையைத் தரையில் இடும். காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 150 என மதிப்பிடப்படுகின்றன. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் எதிரே உள்ள மின்கம்பி அதற்கு உரிய நேரத்தில் புலப்படுவதில்லை. புலப்பட்டாலும் பருத்த உடலைச் சட்டெனத் திருப்ப இயலாது. கம்பியில் மோதி மாளுகின்றது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இயலும் இடங்களில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கவும், பறவைகளை எச்சரிக்கும் தகடுகளைக் கம்பிகளில் பொருத்தவும் ஆணையிட்டது. உயரழுத்தக் கம்பிகளைப் புதைத்தல் இயலாதென அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில், சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குரிய பொதுத்தடை தளர்த்தப்பெற்று, வல்லுநர் குழுவொன்று அமைக்கப்பெற்றது. அதன் பரிந்துரைகளை ஏற்று, 2025 டிசம்பரில், பறவைக்கு இன்றியமையாத பகுதிகளில் புதிய காற்றாலைகள் விலக்கப்பட்டன. எங்கும் தடையுமன்று, எங்கும் இசைவுமன்று. இடமறிந்து நடத்தலே முடிவாயிற்று.

இதில் கூட்டுறவாளர் கருதத்தக்க பாடம் ஒன்றுண்டு. 'ஓரண்' எனப்படும் பொது மேய்ச்சல் நிலங்களை அம்மக்கள் தெய்வத்தின் பெயரால் வழிவழியாகக் காத்து வருகின்றனர். ஆடும் ஒட்டகமும் மேய்ப்போர்க்கு அவையே வாழ்வு. ஆயினும் அவற்றுள் பல அரசுப் பதிவேட்டில் தரிசு என்றே காணப்படுகின்றன. தரிசு என்ற ஒரு சொல், புல்லையும் பறவையையும் ஆயனையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றது.

நம் ஊர்களிலும் மேய்ச்சற் புறம்போக்குகள் உள. அவற்றில் சூரியத் தகடுகள் அமைக்கும் திட்டம் வருமாயின், அங்கே மேய்வன எவை, கூடு கட்டுவன எவை, மின்கம்பி எவ்வழி செல்லும் என்பவற்றை முதற்கண் கேட்டறிதல் வேண்டும். சங்க நிலமாயின் பொதுப்பேரவையிலேயே இவற்றை வினவலாம். கிடங்குக் கூரையும் தறிக்கூடத்துக் கூரையும் வெயிலில் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கையில், புல்வெளியை நாடுவானேன்? கூரையிலிருந்து தொடங்குவோம்.