காய்ச்சலில் உடம்பு வலிப்பது ஏன்?

ஃபுளூ காய்ச்சலில் வைரஸ் குடியேறுவது பெரும்பாலும் மூக்கு, தொண்டை, நுரையீரலில்தான். ஆனால், படுத்திருப்பவரைக் கேட்டால் கை கால் வலியைத்தான் முதலில் சொல்வார். வைரஸ் இல்லாத இடம் ஏன் வலிக்க வேண்டும்?

நம் உடலில் இரண்டு வகை எதிர்ப்பு சக்தி உண்டு. ஒன்று, குறிப்பிட்ட கிருமிக்கென்றே ஆன்டிபாடி தயாரிப்பது. புதிய கிருமி என்றால் அதற்குப் பல நாட்கள் ஆகும். வைரஸ் அதுவரை காத்திருக்காது. சில மணி நேரத்திலேயே பெருகத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியைத் தாங்குவது நாம் பிறக்கும்போதே உடன் வந்த எதிர்ப்பு சக்தி.

இதற்கு எந்த வைரஸ் என்று தெரிய வேண்டியதில்லை. நம் செல்கள் புரதம் தயாரிக்கப் பயன்படுத்தும் ஆர்.என்.ஏ. இழையின் நுனியில் மூடி போன்ற ஓர் அமைப்பு இருக்கும். ஃபுளூ வைரஸின் மரபு இழையில் அது இல்லை. செல்லுக்குள் இருக்கும் 'ரிக்-ஐ' என்ற புரதம் அந்த மூடியில்லாத நுனியைப் பிடித்துக்கொண்டு அபாய மணி அடிக்கிறது. உடனே அந்த செல் 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளை வெளியிடுகிறது.

1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் ஆகிய இருவர் இதைக் கண்டுபிடித்தனர். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃபுளூ வைரஸைக் கோழி முட்டைக் கருவின் சவ்வில் சேர்த்தபோது, அந்தச் சவ்விலிருந்து ஏதோ ஒன்று வெளியேறி, பின்னர் வந்த உயிருள்ள வைரஸைப் பெருகவிடாமல் குறுக்கிட்டது. குறுக்கிடுவதால்தான் அந்தப் பெயர்.

இன்டர்ஃபெரான் தானாக வைரஸைக் கொல்வதில்லை. பக்கத்து செல்களை எச்சரிக்கிறது. அவை ஆர்.என்.ஏ.வை வெட்டும் புரதங்களைத் தயாராக வைத்துக்கொள்கின்றன. வைரஸ் நுழைந்தால் தம் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடுகின்றன. தொற்றிய செல்களை அழிக்கும் 'இயற்கைக் கொல்லி' அணுக்களும் உசுப்பப்படுகின்றன.

உடம்பு வலிக்கும் இதுவே பெரும் காரணம். ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்ட காலத்தில், ஃபுளூ வைரஸே இல்லாதவர்களுக்கும் அதே காய்ச்சலும் வலியும் வந்தன. 'ஆன்டிபயாடிக் கொடுங்கள்' என்று மருத்துவரை நச்சரிக்கிறோமே, அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது.

இந்த அபாய மணி ஒலித்தும் பயனில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. உயிருக்கு ஆபத்தான நிமோனியாவுக்கு ஆளான 987 பேரை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், 101 பேரின் உடல் தன் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடியைத் தயாரித்திருந்தது. அவர்களில் 95 பேர் ஆண்கள். லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ கண்ட 663 பேரில் ஒருவரிடமும் அது இல்லை.