விமான டெக்னீஷியனும் நான்காண்டுக் கணக்கும்

இந்திய விமானப்படையின் அக்னிவீர் வாயு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே ஐயம் திரும்பத் திரும்ப எழுகிறது: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவரோ பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவரோ இத்தேர்வில் வென்றால் விமான டெக்னீஷியனாகிவிடுவாரா? வயது, உயரம், மதிப்பெண் ஆகியவற்றின் வரம்புகள் அறிவிக்கையிலேயே இருப்பதால், விளக்கம் வேண்டியிருப்பது பயிற்சிக்காலத்தைப் பணிக்காலத்தோடு சேர்த்துவிட்ட கணக்குக்கே ஆகும்.

அக்னிவீர் சேர்க்கையைக் கொண்டுவந்த, 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்துக்கு முன்பு, ஏர்மேனாகச் சேர்ந்தவரின் தொடக்கப் பணி ஒப்பந்தம் 20 ஆண்டுகள். தொழில்நுட்பப் பிரிவான எக்ஸ் பிரிவுக்குத் தனித் தேர்வும் இருந்தது. இப்போது ஒப்பந்தம் 4 ஆண்டுகள். பெலகாவியில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியும் அதற்குள்ளேயே அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் டிரேடு, அதாவது ஒருவருக்கு ஒதுக்கப்படும் தொழிற்பிரிவு, சார்ந்த பயிற்சி வருகிறது. விமானத்தின் உடற்கட்டு, இன்ஜின் போன்ற இயந்திரவியல் டிரேடுகளை விமானப்படை நெடுங்காலமாகத் தாம்பரத்திலும், மின்னணுவியல் டிரேடுகளைப் பெங்களூரு ஜாலஹள்ளியிலும் கற்பித்துவருகிறது. எந்த டிரேடு யாருக்கு என்பதை முடிவுசெய்வது விமானப்படையே. விண்ணப்பதாரரின் டிப்ளமோ அதற்கு உத்தரவாதம் ஆகாது.

வகுப்பறையை விட்டு வெளியேறியதும் ஒருவர் டெக்னீஷியன் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பராமரிப்புப் பதிவேடு உண்டு. படிவம் 700 என்று அழைக்கப்படும் அதில், சக்கரம் மாற்றியது முதல் பறப்புக்கு முந்தைய சோதனை வரை ஒவ்வொரு வேலையும் எழுதப்பட்டு, அதைச் செய்தவர் கையொப்பமிட, மேற்பார்வையாளர் சரிபார்த்துத் தாமும் ஒப்பமிடுகிறார். இறுதியில் விமானி அப்பதிவைப் படித்து ஒப்பமிட்ட பிறகே விமானத்தை ஏற்கிறார். விபத்து நேர்ந்தால் விசாரணைக் குழு தேடும் முதல் ஆவணங்களுள் ஒன்று இதுவே. ஆகவே, பிறர் செய்த வேலைக்கும் பொறுப்பேற்று ஒப்பமிடும் தகுதி, ஒரே வகை விமானத்தின் கோளாறுகளைப் பலமுறை கண்டு தீர்த்த பழக்கத்தால் மட்டுமே ஒருவருக்கு அமைகிறது.

இங்கேதான் அரசின் வாதம் இடறுகிறது. படைகளின் சராசரி வயது 4 முதல் 5 ஆண்டுகள் குறையும் என்பது திட்டத்தின் முதன்மையான பயன்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மலையேறும் காலாட்படை வீரருக்கு இளமை வலிமை சேர்க்கலாம் என்றாலும், இன்ஜினின் ஓசை மாறியதைக் கேட்டே பழுதை ஊகிக்கும் டெக்னீஷியனுக்கு வேண்டியது அனுபவமே. இரு கட்டப் பயிற்சியும் விடுப்பும் போக எஞ்சும் காலத்தில் உதவியாளராகத் தேறிய ஒருவர், மேற்பார்வைக்குத் தகுதி பெறத் தொடங்கும் வேளையில் ஒப்பந்தம் முடிகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் 25 சதவீதம் வரையிலானவரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவதால், எஞ்சியவர்களுக்குச் செலவிட்ட பயிற்சியின் பலன் விமானப்படைக்குக் கிடைப்பதில்லை. பெலகாவியில் 2022 டிசம்பர் இறுதியில் பயிற்சி தொடங்கிய முதல் தொகுதிக்கு இக்கணக்கு 2026 இறுதியில் முடிகிறது.

வாசகர்களின் பிற ஐயங்களுக்குச் சுருக்கமான பதில்கள்:

25 சதவீதம் உறுதியா?
அது உச்சவரம்பே, குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை, கோரும் உரிமையும் இல்லை.

கையில் எவ்வளவு கிடைக்கும்?
முதலாண்டு மாதத் தொகுப்பூதியம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000.

சேவா நிதி எவ்வளவு?
வீரரின் பங்கு சுமார் 5.02 லட்சம், அரசின் பங்கும் அதே அளவு, இவற்றோடு வட்டி.

இடையில் விலகினால்?
சொந்த விருப்பத்தில் விலகுபவருக்கு அரசின் பங்கு கிடையாது.

ஓய்வூதியம்?
நான்காண்டுகளுக்கு அதுவும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

திருமணம்?
நான்காண்டு முடியும் வரை கூடாது.

நான்காண்டு முடிந்தபின் பயணிகள் விமானத்தைப் பழுதுபார்க்கலாமா?
முடிவில் தரப்படும் திறன் சான்றிதழைக் கொண்டு உதவியாளர் வேலை தேடலாம். ஆனால், விமானம் பறக்கத் தகுதியானது என்று ஒப்பமிடுவதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி, பயணிகள் விமானங்களில் தனியே அனுபவமும் பெற்று, உரிமம் வாங்கியாக வேண்டும்.