பவளப்பாறை காணப் படகேறுமுன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவன்)

சென்ற ஆடி மாதம் எங்கள் துறையிலிருந்து பதினெட்டுப் பேர், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் காண மண்டபம் புறப்பட்டோம். கண்டது என்னவோ, கரையில் கட்டிக் கிடந்த படகுகளையும் காற்றில் பறந்த எங்கள் தொப்பிகளையுந்தான்! கடல் சேற்று நிறமாய்க் கொந்தளித்தது. “கச்சான் அடிக்கிற மாசத்துல தென்கடலுக்கு யாரு உங்கள வரச் சொன்னா?” என்றார் ஒரு படகுக்காரர். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஆளுக்கு 650 ரூபாய் கட்டியிருந்தோம். என் தந்தையார் கரிமூட்டம் போடுபவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீடு திரும்பியதும், “ஏன்டா, கடலுக்குள்ள இருக்கறதப் பாக்கணும்னுதான காசு வாங்குன?” என்று கேட்டார். அதன்பின் அதைப்பற்றி அவர் பேசவேயில்லை. திட்டியிருந்தாலும் நன்றாயிருந்திருக்கும்.

இவ்வாண்டு மாசியில் மீண்டும் சென்றோம், கண்டோம். இம்முறை வீட்டில் கேட்க நா எழாமல், பருவத்தேர்வு விடுமுறையில் பந்தல் வேலைக்குச் சென்று பணம் சேர்த்தேன். இடையில் நாங்கள் கற்றுக்கொண்டதை அடுத்துச் செல்வோர்க்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் ஆசை.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாக 21 தீவுகள் உள்ளன. இவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் பாடப்புத்தகத்தில் முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடையே நிற்கும் பலனோகிளாசசைப் படித்திருக்கிறோமல்லவா? அதன் புகழ்பெற்ற இருப்பிடம் இங்குள்ள குருசடைத் தீவே. அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே தனி வெளியீடு கொண்டுவந்தது.

தேசியப் பூங்கா ஆதலின், நினைத்தவுடன் படகு பேசிக்கொண்டு போய் இறங்க முடியாது. முதல்வர் வழியாக, செல்வோர் பெயர்ப் பட்டியலுடன் இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் மார்கழியில் அனுப்பினோம். விடை தைக் கடைசியில் கிடைத்தது. எந்தப் படகு, எந்த இடம், நீரில் இறங்கலாமா என்பதையெல்லாம் அக்கடிதமே முடிவு செய்யும். “நான் கூட்டிப் போறேன், கடிதமெல்லாம் எதுக்கு?” என்று யாரேனும் கரையில் அழைத்தால் போகாதீர்கள்.

அனுமதியைவிடப் பெரிது பருவம். மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் நீரிணைக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் அழைக்கின்றனர். ஐப்பசி தொடங்கி வாடைக் காற்று வீசும்போது வடகடல் கலங்கும். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தென்கடல் கலங்கும். இரண்டும் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியே நமக்கு ஏற்றது. சித்திரையில் கடல் அமைதியாய் இருந்தாலும் போகவேண்டாமென்பது என் கருத்து. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தாலே பவளங்கள் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு அப்படித்தான் நேர்ந்தது. நோயாளியைப் பார்க்க அவர் நன்றாகத் தூங்கும் வேளையில் கூட்டமாய்ப் போவோமா?

நாள் குறித்துத் தந்தவர் பேராசிரியர் அல்லர். கரையில் கண்ட, பாசி எடுக்கும் ஓர் அக்கா! “அட்டமி நவமிய ஒட்டி வாங்க தம்பி. நீரோட்டம் கொறஞ்சிருக்கும், தண்ணி தெளிஞ்சு கெடக்கும்” என்றார். நம் வீடுகளில் அட்டமி, நவமியில் எக்காரியமும் தொடங்கமாட்டார்கள். ஆனால் அறிவியல் அக்காவின் பக்கமே நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் மிகும். தீவுகளுக்கிடையே நீர் விரைந்தோடி மணலைக் கிளப்பும். அட்டமியில் இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றன் இழுப்பை மற்றொன்று ஓரளவு குறைத்துவிடும். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் பயணத்திற்கு நாள் குறிக்கையில் நினைவுக்கு வரவில்லை!

அந்தப் பெண்கள் விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, ரப்பர்ச் செருப்புடன் மூச்சடக்கி மூழ்குகிறவர்கள். பூங்கா வந்தபின் அவர்கள் தலைமுறையாய்ப் பாசி எடுத்த இடங்கள் பல தடைக்குள் போய்விட்டன. வயிற்றுப்பாட்டுக்கு இறங்கினால் குற்றம். வேடிக்கை பார்க்க இறங்க எங்களுக்குக் கடிதம். அக்காவிடம் அக்கடிதத்தைக் காட்டும்போது எனக்குக் கூச்சமாயிருந்தது.

இனிக் கருவிகள். முகக்கண்ணாடியும், ஸ்நார்கல் எனப்படும் வளைந்த குழலும், மிதவைச் சட்டையும் போதும். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன், “குழலுக்கு எதற்குக் காசு? ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய் வாங்கினால் ஆழத்திலேயே மூச்சு விடலாமே” என்றான். கேட்கச் சிக்கனமாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை கூடுதலாய் அழுத்தும். மார்பின் முன்புறம் 900 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 90 கிலோ மூட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சிழுப்பதற்குச் சமம். மற்றொன்றும் உண்டு. நாம் இயல்பாக இழுக்கும் காற்று சுமார் 500 மில்லி லிட்டர். அதில் 150 மூச்சுக்குழாயிலேயே தங்கிவிடும். சாதாரணக் குழலே ஏறத்தாழ இன்னொரு 100 மில்லி லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். நாம் விட்ட பழங்காற்றே திரும்ப உள்ளே வரும். ஆகவே குழல் குட்டையாய் இருக்கவேண்டும். மூச்சு மெதுவாய், ஆழமாய் இருக்கவேண்டும். பதற்றத்தில் மேலோட்டமாய் மூச்சு வாங்கினால் கரியமில வாயு சேர்ந்து பதற்றம் இன்னும் கூடும். இதற்காகவே ஊர்க் கிணற்றில், மேலே ஆள் நிற்க, ஒரு வாரம் பழகினோம். மூழ்குமுன் வேகவேகமாய்ப் பலமுறை மூச்சிழுப்பது வீரம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சு முட்டும் எச்சரிக்கையே இல்லாமல் நீருக்கடியில் மயங்க வைக்கும். இதில் விளையாட வேண்டாம்.

காலை ஏழு மணிக்குள் படகு கிளம்பவேண்டும். பொழுதேற ஏறக் கடற்காற்று எழுந்துவிடும். முந்திய நாளே ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அதன்பிறகும் படகுக்காரர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் வாதாடாதீர்கள். உடலில் எண்ணெயோ களிம்போ பூசாமல், முழுக்கைச் சட்டை அணியுங்கள். கால் ஊன்ற இடம் தேடாதீர்கள்: பாறை என்று நாம் மிதிப்பது ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களின் உடலை. உடைந்து கிடக்கும் துண்டையும் நினைவுப் பொருளாய் எடுக்கலாகாது. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

நீரில் முகம் வைத்ததும் எனக்கு முதலில் ஏமாற்றமே. படங்களில் கண்ட சிவப்பும் ஊதாவும் எங்கே? எல்லாம் தவிட்டு நிறம்! பின்புதான் உறைத்தது: அந்தத் தவிட்டு நிறம், பவள உயிரியின் திசுவுக்குள் வாழ்ந்து ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியின் நிறம். அஞ்ச வேண்டியது வெள்ளையைக் கண்டே. தவிட்டு நிறக் கிளைகளிடையே வண்ணத்துப்பூச்சி மீன்கள் திரிந்தன. சற்றுத் தள்ளி, பாசி போர்த்திய செத்த பவளம் ஒரு பெரிய திட்டாய்க் கிடந்தது. மீன்களைப் பிடிக்கப்போகிறவன்போல் ஒருமுறை கை நீட்டிவிட்டேன். நீரில் பொருள்கள் முக்கால் தொலைவிலும் மூன்றிலொரு பங்கு பெரிதாயும் தோன்றும் என்பது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

வாங்கிய முகக்கண்ணாடிகள் எட்டும் நன்னீரில் கழுவித் துறை ஆய்வகத்தின் மூன்றாம் அலமாரியில் உள்ளன. அடுத்து வருவோர் கேட்டுப் பெறலாம். ஒன்றின் ரப்பர்ப் பட்டை மட்டும் அறுந்திருக்கிறது; மாற்றிக்கொள்ளவும்.