கடவுச்சீட்டைத் துறந்து வந்த ஆட்டக்காரர்

எங்கள் திருவண்ணாமலையில் பல்லாண்டுகள் தங்கிவிட்ட வெளிநாட்டினரைக் காணலாம். ஆயினும் தாய்நாட்டுக் கடவுச்சீட்டையே கைவிடத் துணிவோர் அரியர். கால்பந்து வீரர் இசுமி அராட்டா அத்தகைய துணிவு கொண்டவர்.

1982-இல் ஜப்பானின் ஷிமோனோசெகியில், குஜராத்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 2006-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஆட வந்தார். இந்திய அணியில் இடம்பெறத் தந்தைவழி உறவு மட்டும் போதவில்லை. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவரே நாட்டுக்காக ஆடலாம் என நடுவண் அரசு 2008-இல் வரையறுத்தும் விட்டது. ஆகவே 2012-இல் அவர் ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார். 2013 பிப்ரவரியில், கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக முதன்முதலில் இந்தியச் சீருடை அணிந்தபோது வயது 30. ஓடியாடும் வீரனுக்கு அது மாலைப்பொழுதன்றோ! அவ்வாட்டத்தில் இந்தியா 2-4 எனத் தோற்றது.

கத்தாரின் வழி வேறு. சூடானில் பிறந்த அல்மோயிஸ் அலி சிறுவயதிலேயே அங்குச் சென்று பயின்றவர். 2019 ஆசியக் கோப்பையில் 9 கோல்கள் அடித்துக் கத்தாருக்கு வெற்றி தேடித் தந்தார்.

நமக்கோ, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்து, அந்நாட்டுக்காக 2019-இல் ஒருமுறை ஆடிய ரயன் வில்லியம்ஸ் 2025-இல்தான் குடிமகனாகக் கிடைத்தார். அப்போது அவருக்கு வயது 32.