கண்ணை மூடினாலும் தெரியும் கோடு

தலைவலிக்கு அரைமணி நேரம் முன்பு கண்முன் ஏதோ மின்னுகிறது, கண் டாக்டரோ கண்ணில் கோளாறே இல்லை என்கிறார் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். டாக்டர் சொன்னது சரிதான். மின்னுவது மூளையில்.

தலையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தலைவலியை அறியாதவர் இல்லை. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றியே குடைந்து நீர் வடியவைக்கும் ‘க்ளஸ்டர்’ தலைவலி அபூர்வம். அதற்கு மாஸ்க் வழியே ஆக்சிஜன் கொடுப்பார்கள். வாசகி சொல்வதைப் பார்த்தால் அது ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். அதற்கு முன்னோட்டமாகச் சிலருக்கு வருவதுதான் ‘ஆரா’.

படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஓரிரு எழுத்துகள் மறையும். அந்த இடத்தைச் சுற்றிக் கோட்டை மதில் மாதிரி மடங்கி மடங்கி ஒரு கோடு மினுமினுக்கும். பிறையாக விரிந்து ஓரத்துக்கு நகர்ந்து, பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் போய்விடும். கண்ணை மூடினாலும் தெரியும். இங்கிலாந்து மருத்துவர் ஹூபர்ட் ஏரி, தனக்குத் தெரிந்ததை 1870இல் படமாகவே வரைந்து வெளியிட்டார். அமெரிக்காவின் கார்ல் லாஷ்லி இன்னும் ஒரு படி மேலே போனார். கோடு நகர நகரக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, பார்வைக்கான மூளைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் எழுதினார். மூன்றே வருடத்தில், பிரேசில்காரரான லியாவோ முயலின் மூளையில் அதே மாதிரி மெதுவாகப் பரவும் அலையைக் கண்டார்: நரம்பணுக்கள் சட்டென்று துடித்து, பிறகு சில நிமிடம் ஓய்ந்துவிடுகின்றன. பென்சில் கணக்கின் வேகமும் அலையின் வேகமும் ஏறக்குறைய ஒன்று! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு நுட்பமான ஒரு நோயை நாம் மெடிக்கல் ஷாப்பில் ‘தலைவலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு முடித்துவிடுகிறோம். என் அத்தையின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு மாத்திரை அட்டையும் எப்போதும் இருக்கும். பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமலும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளுக்குக் குறையாமலும் மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நிறுத்தினால் முதலில் சில நாள் வலி கூடும்; அங்கேதான் பலர் மறுபடி அட்டையைப் பிரிக்கிறார்கள். டாக்டர் துணை தேவைப்படுவது அந்த நாட்களில்தான். அடிக்கடி மைக்ரேன் வருபவர்களுக்கு ப்ரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்துகள் உண்டு. வந்த வலிக்கு ட்ரிப்டான் வகை மாத்திரை உண்டு. வலி தொடங்கியதுமே போட்டால்தான் நன்றாகக் கேட்கும், இதய நோய் இருந்தால் கூடாது.

வாசகிக்கு இன்னொன்று. ஆரா வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். மகப்பேறு டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், இந்த மின்னலைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.