இராயபுரம்

இராயபுரம் வடசென்னையில் கடலை ஒட்டி அமைந்துள்ள பழைமையான பகுதி. இங்குள்ள இரயில் நிலையத்தால் பலரும் இதனை அறிவர். ஆனால் இரயில் வருவதற்கு முன்பே இது படகோட்டிகளின் ஊராக இருந்தது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவை இராயப்பர் என்று அழைப்பர். அப்பெயரே ஊருக்கும் அமைந்தது. பேதுருவும் மீனவராக இருந்தவர் என்பதை நினைத்தால் பொருத்தம் விளங்கும்.

அக்காலத்துச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். இவற்றின் பலகைகளை ஆணி அடித்து இணைப்பதில்லை, தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அதனால் பேரலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆங்கிலேய ஆளுநரே ஆனாலும் இப்படகோட்டிகளை நம்பித்தான் கரையேற வேண்டும். இச்சமூகத்தினர் எழுப்பியதே 1829ஆம் ஆண்டின் புனித இராயப்பர் ஆலயம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 முதல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இராயபுரத்தை 'இந்தியாவின் முதல் இரயில் நிலையம்' என்று சிலர் எழுதுவது பிழை. பம்பாயில் 1853லும் ஹௌராவில் 1854லும் இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. உயர்ந்த தூண்களுடன் இராயபுரம் நிலையம் நிற்கிறது. நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் என்பதே அதன் உண்மையான பெருமை. பிறகு சென்ட்ரல் நிலையம் வளர, இதன் முக்கியத்துவம் குறைந்தது.

படகோட்டிகளுக்கும் அதே நிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள், 1881ஆம் ஆண்டுப் புயலின் சேதத்தையும் தாண்டி, செயற்கைத் துறைமுகம் உருவாயிற்று. கப்பல்கள் கரையருகே வரத் தொடங்கியபின் மசூலாவுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளே நிறைந்துள்ளன.

பார்சி மக்களின் அக்கினிக் கோயில் ஒன்றும் இங்கு உண்டு, 1910இல் கட்டப்பட்டது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் நடந்ததும் இப்பகுதியின் ராபின்சன் பூங்காவில்தான்.

பழைய நிலையத்தில் இப்போதும் புறநகர் இரயில்கள் நிற்கின்றன. கட்டடத்தைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் சில நிமிடங்களில் இங்கு இறங்கலாம்.