வானமே வெள்ளைத் தாள்

தட்டுத் தராசில் எடை போடுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? எடைக்கல்லை வைக்குமுன், வெறும் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார். வானியலாரும் தங்கள் காமிராவை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

தொலைநோக்கிகள் பலவற்றில் பிலிமுக்குப் பதிலாக 'சி.சி.டி.' என்னும் சிலிக்கன் தகடு இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கிய கருத்து இது. இத்தகட்டிலுள்ள இலட்சக்கணக்கான படப்புள்ளிகள் ஒவ்வொன்றும், தன்மேல் விழும் ஒளியை எண்ணாக மாற்றித் தருகிறது.

ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு உணர்வுடையவை அல்ல. படத்தின் ஓரங்களுக்கு ஒளி குறைவாகவே வந்து சேரும். கண்ணாடியில் ஒட்டிய தூசியோ, உளுந்து வடை போல் நடுவில் துளையுள்ள நிழலை விழச் செய்யும்!

இதைத் திருத்த இரண்டு படங்கள் தேவை. மூடியைத் திறக்காமல் எடுப்பது 'இருட்படம்'. ஒளியே இல்லாதபோதும் காமிரா காட்டும் எண்ணை இது தெரிவிக்கும். எங்கும் ஒரே சீரான ஒளியை நோக்கி எடுப்பது 'சமன்படம்'.

ஒரு கணக்குப் போடுவோம். இருட்படத்தில் அ, ஆ என்ற இரு புள்ளிகளும் 100 காட்டுகின்றன. சமன்படத்தில் அ 1100, ஆ 1000. நூறைக் கழித்தால் 1000, 900. அதாவது, அ-வின் உணர்வு 1 என்றால் ஆ-வின் உணர்வு 0.9. இப்போது ஒரு விண்மீனின் ஒளி ஆ-வில் விழுந்து 550 காட்டுகிறது. 100ஐக் கழித்து, 0.9ஆல் வகுத்தால் 500. அதே ஒளி அ-வில் விழுந்திருந்தால் 600 காட்டியிருக்கும். நூறு போக அதுவும் 500தான். முதலில் கழித்தல், பிறகு வகுத்தல். வரிசை மாறினால் விடையும் மாறும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? 1999 செப்டம்பரில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வெறும் 10 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியும் சி.சி.டி.யும் கொண்டு எச்.டி. 209458 என்ற விண்மீனைக் கவனித்தார்கள். அதன் கோள் ஒன்று குறுக்கே சென்றபோது ஒளி சுமார் 1.5 சதவீதம் மங்கியது. நம் கணக்கில் இரு புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடோ 10 சதவீதம்! விண்மீனின் பிம்பம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தாலே, இல்லாத கோள் இருப்பதாகத் தோன்றும். இருக்கும் கோள் மறைந்தும் போகும்.

சரி, சீரான ஒளிக்கு எங்கே போவது? சூரியன் மறைந்து, விண்மீன்கள் தோன்றுமுன் உள்ள அந்திவானமே வெள்ளைத் தாள்! அது சில நிமிடங்களே நிலைக்கும். அதற்குள் பல படங்கள் எடுத்தாக வேண்டும். அதன்பின் காமிராவைக் கழற்றித் திருப்பினால் தூசியின் நிழல் இடம் மாறிவிடும். எடுத்த சமன்படம் வீண்.

அதனால்தான், முதல் விண்மீன் தெரியுமுன்பே வானியலாரின் இரவு வேலை தொடங்கிவிடுகிறது.